சுலைமான் கிரீமு, துலுக்கானம் கிரீமு

…இல்ல, நீயே சொல்லும்மா, இந்தக் குட்டி ரயில் இன்ஜினப் பாத்தா சுண்ணாம்பு மாறியா கீது? கைல எடுத்துப் பாரு, பரவால்ல, பெயிண்டு காஞ்சிட்ச்சி, ஒட்டாது. சக்கரத்த மட்டும் தொடாத. இத்தப் போயி சுண்ணாம்புன்றான்மா அந்த சுலைமான் பாயி. வெத்தலைல தடவிக்கோன்றான். எங்க, நீ பாத்து சொல்லு, இது இன்னா கலரு? … கிரீமு. ஆங், அதான். கதவத் தொறந்து உள்ள வந்து நீ இன்னும் மூச்சு கூட உடல, புச்சா குடி வந்த பொண்ணு, உனக்கே தெர்து. கரையான்சாவடில கடை போட்டு தெனிக்கும் கலர்லியே பொயப்பு நடத்துறவனுக்கு தெர்ல பாரு.

மொதல்ல குந்து நீ. அதுல இல்லம்மா, அது மேல பிரஷ் தொடைச்ச துணி கீது. இதோ, இந்த ஸ்டூல்ல குந்து. பெல்லு அடிச்சிப் பாத்தியா? அது அடிக்காது. வயர நான்தான் கயட்டி உட்டேன். ஸ்ப்ரே அடிச்சிகினு கீற நேரத்துல அது டிங்டாங்னு கத்த, எனக்குத் தூக்கிவாரிப் போட, ஒரு இன்ஜினு ஜன்னலு பூரா பெயிண்டாயிட்ச்சி. அன்னிக்கி கயட்டுனது. ராஜம்மா, என் சம்சாரம், இன்னிக்கும் அதுக்குப் பேசிகினுதான் கீது. இப்ப மார்க்கெட்டுக்குப் போயிக்கீது, இல்லன்னா உனக்கு டீ வந்திருக்கும். நான் போட்டா நீ குடிக்க மாட்ட.

பக்கத்து ஊடுதான நீ? கார்த்திகான்னு ராஜம்மா சொல்லிச்சி. ஊட்டுக்காரு டேங்க் ஃபேக்டரி, குவாட்டர்ஸ் கெடைக்கிற வரைக்கும் இங்க. திருநெல்வேலி பக்கமா? உள்ள வரும்போதே "ஒரு விசயம் சொல்லணும் அண்ணாச்சி"ன்னியே, அந்த அண்ணாச்சிலியே தெரிஞ்சி போச்சி. இங்க அண்ணாச்சின்னா பருப்பு எடுத்துக் குடுப்பாங்கோ. அண்ணான்னு கூப்புடு, போதும். துலுக்கானத்த இந்தப் பருத்திப்பட்டுல யார கேட்டாலும் சொல்லுவாங்கோ.

உன் விசயத்துக்கு வர்றேன், இரு. இந்த காத்து மோட்டாரு சத்தம்தான? ராஜம்மாவும் அதான் சொல்லிச்சி, புச்சா வந்தவங்க பயந்துடப் போறாங்கன்னு. அது இன்னா பண்ணும்னா, காத்த அடைச்சி இந்தப் பென்சிலு மாறி கீற ஸ்ப்ரேவுக்கு அனுப்பும். பிரஷ்ல அடிச்சா கோடு உயும்மா. நெச இன்ஜின்ல கோடு உயுந்தா யாருக்குத் தெரியும்? சாண் நீட்டு இன்ஜின்ல ஒரு கோடு உயுந்துச்சின்னா, ரோடு போட்ட மாறி தெரியும். அதுக்குதான் மோட்டாரு. … மோட்டாரு இல்லியா? சரி, அப்பால சொல்லு.

இந்த பால்கனிதான் நம்ப ஒர்க்‌ஷாப்பு. காத்தால வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும், பெயிண்டு தொட்டு வெக்கிறதுக்குள்ள பிரஷ்லியே காஞ்சிப் போவும். அதான் இப்டி ஒரு மறைப்பு கட்டிட்டேன். கட்டுனப்பறம்தான் மனுசன் நிம்மதியா குந்தி வேலை செய்ய முடியிது. ஏரிக் காத்துக்குக் கொஞ்சம் படபடன்னு அடிச்சிக்கும், அத்த கண்டுக்காத.

நானு ஃபேக்டரில ஸ்டோர்ஸ்ல இருந்தேன். ரிட்டையர் ஆனதும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்கோ. வாக்கிங் போ, கோயிலுக்குப் போ, பேரப் புள்ளய ஸ்கூலுக்கு இட்டுகினு போ. பேரப் புள்ள பெங்களூர்ல கீது, நான் எங்க இட்டுகினு போறது? வாக்கிங் போனேன். ஏரியச் சுத்தி ஒரு ரவுண்டு, மூட்டு புட்ச்சிகிச்சி. அப்பால போவல.

சுலைமான் பாயி பயக்கம் அதுக்கு ரொம்ப முன்னாடி. ஆவடி ஸ்டேசன்ல ஒரு டீசல் இன்ஜினு நின்னுகினு இருந்துச்சி, நானு வாயத் தொறந்து பாத்துகினு இருந்தேன். பக்கத்துல ஒரு ஆளு, அவனும் பாத்துகினு இருந்தான். இன்ஜினு கெளம்பிப் போனப்பறம்தான் பாத்தோம், ரெண்டு பேரு ஏற வேண்டிய வண்டியும் எதுத்தாப்ல வந்து போயே போயிட்ச்சி. அன்னிக்கி புட்ச்ச சிநேகிதம். கரையான்சாவடி மெயின் ரோட்டுல பேனரு அடிக்கிற கடை வெச்சிருக்கான். கண்ணாலம், காதுகுத்து, பொறந்த நாளு, எல்லாத்துக்கும் அவன்தான். இன்ஜினுக்கு நம்பரு ஸ்டிக்கரு கூட அவன் மிசின்லதான் அடிப்போம், அரிசில எயுதுற சைஸுக்கு.

பொம்மையான்னு கேக்காத. ராஜம்மா பொம்மைன்னுதான் சொல்லும். இது மாடலு. கரண்டு குட்தா ஓடும். பாடி வெறும் வெள்ளையா வாங்குவோம், கலரு நம்புளுது. எந்தக் காலத்துல எந்த வண்டி இன்னா கலர்ல ஓடிச்சோ அதே கலரு அடிக்கணும், ஒரு நூலு மாறக் கூடாது. இஷ்டத்துக்கு அடிக்கணும்னா ஆட்டோவுக்கு அடிச்சிட்டுப் போலாமே.

இந்தா, செல்லுல போட்டா பாரு. சுலைமானோட மாமா எடுத்தது, அம்பத்தூராண்ட ரயில்வே கேட்டுல நின்னுகினு. அப்ப சுலைமான் டவுசர் போட்டுகினு இருந்திருப்பான். ரெண்டு டீசல் இன்ஜினு, ஒண்ணு பின்னால ஒண்ணு, கூட்ஸ இஸ்துகினு வருது. கீய அரக்கு, மேல கிரீமு. எவ்ளோ சோக்கா கீது பாரு. முக்கியமா இன்னா பாக்கணும்னா, ரெண்டும் ஒரே கலரு. முன்னாடி கீறது எது, பின்னாடி கீறது எதுன்னு மாத்தி வெச்சா கூட தெரியாது. பிரிண்டு அவன்கிட்ட கீது, எனக்கு செல்லுல அனுப்பி உட்டான்.

வர்ற நாயித்திக்கெயம அம்பத்தூர்ல ஒரு ஸ்கூல் ஹால்ல எக்சிபிசன். பெரிய ரவுண்டா தண்டவாளம் போட்டு எல்லாரும் அவங்கவங்க வண்டிய ஓட்டுவாங்கோ. நாங்க ரெண்டு பேரும் வருசம் பூரா பேசி வெச்சது இது. ஒரு இன்ஜினு நான் அடிக்கிறது, ஒரு இன்ஜினு அவன் அடிக்கிறது. ரெண்டையும் கோத்து, போட்டால கீற மாறியே கூட்ஸ இஸ்துகினு வரணும். மைக்குல பேரு சேத்து சொல்லுவாங்கோ. துலுக்கானம், சுலைமான்னு. அவன் சுலைமான், துலுக்கானம்னு சொல்லணும்னான். சரின்னு உட்டுட்டேன், அதுல தகராறு இல்ல.

அரக்குலயும் தகராறு இல்ல. ஒரே டப்பா, ஆளுக்குப் பாதி ஊத்திகினோம். கிரீமுலதான் பேஜாரே. கிரீமு கடைல கெடைக்கிறது ஒத்து வராது, நாமளே கலக்கணும். வெள்ளைல கொஞ்சம் மஞ்ச, ஒரு பொட்டு காவி. அவன் கடைல குந்தி அவன் கலக்குனான், இங்க குந்தி நான் கலக்குனேன். நான் இன்னா பண்ணேன், செல்லுல போட்டாவ இப்டி இன்ஜினு பக்கத்துலியே வெச்சிப் பாத்துப் பாத்து கலக்குனேன். மஞ்ச தூக்கலா தெரிஞ்சிச்சி. வெள்ளை சேத்தேன். அப்பவும் மஞ்ச. சொரண்டிட்டு மறுபடி அடிச்சேன், அப்பவும் மஞ்ச. கடசியா ஒரு பொட்டு நீலம் உட்டேன், வேட்டிக்கு சொட்டு நீலம் போடுவோமே, அந்த மாறி. ஜம்முனு வந்து குந்திக்கிச்சி. செல்லுல கீற கிரீமும் இதுவும் அச்சு அசல் ஒண்ணு. இப்ப பாத்தியே, வித்தியாசம் தெர்தா? தெர்ல. அவ்ளோதான்.

அத்த எத்துகினு பாய் கடைக்குப் போறேன். சும்மா போவல, ராஜம்மாவோட இட்லி ஹாட்பாக்ஸ்ல துண்டு போட்டு, படுக்க வெச்சி, ஷேர் ஆட்டோல மடி மேல வெச்சிகினு போறேன். பக்கத்துல குந்திகினு இருந்த அம்மா, சூடா கீதாங்குது. கடைல தொறந்து வெச்சேன். அப்பதான் சொன்னான், சுண்ணாம்புன்னு. எனக்கும் அங்க பாக்க கொஞ்சம் வெளுத்தாப்லதான் கீது, பொய் சொல்லக் கூடாது. ஆனா அவன் கடைல தலைக்கு மேல வரிசையா டியூப் லைட்டு. அதுல என்னை நிக்க வெச்சா நானே செவப்பா தெரிவேன். "உன் லைட்டு ராங்கு பாய், நீ ஊட்டுக்கு வா, பகல்ல பாக்கலாம்"னேன்.

வந்தான். அவன் இன்ஜினையும் எத்துகினு வந்தான். இதே டேபிளு, இதே எடம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சோம். எனக்கு சிரிப்பு தாங்கல. அந்தத் துணிய எடும்மா, அதுக்குக் கீய கீறது அவனுதுதான். பாரு. இன்னா கலரு? … மஞ்ச. உனக்கே சிரிப்பு வருதா? மஞ்ச தேச்சிக் குளிப்பாட்டி உட்ட மாறி கீது. நான் சொன்னேன், "பாய், இது இன்ஜினா, நலங்கு வெச்ச பொண்ணா?" அவன் மூஞ்சி மாறிட்ச்சி. அவனும் பாக்குறான், அவன் கண்ணுக்கும் மஞ்சயாதான் தெர்து, ஆனா ஒத்துக்க மாட்டேன்றான். "கடைல நல்லா இருந்திச்சி, இங்க வந்து இன்னாமோ ஆயிட்ச்சி"ன்றான். வர்ற வழில மஞ்சகாமாலை வந்துட்ச்சாடான்னு கேட்டேன். அது கொஞ்சம் ஓவருதான். செருப்ப மாட்டிகினு எறங்கிப் போனவன் இன்ஜின கூட எடுக்கல.

எங்க ரயில் மாடலு ஆளுங்க வாட்ஸப் குரூப்புல ரெண்டு இன்ஜினு போட்டாவையும் போட்டு பஞ்சாயத்து வெச்சேன். போட்டா ஹால்ல வெச்சி எடுத்தேன், இங்க காத்துக்கு செல்லு ஆடுது. எல்லாப் பயலும் சுலைமான் பக்கம். துலுக்கானம் அண்ணே, பருத்திப்பட்டு ஏரில பனி பெஞ்சிச்சான்னு ஒருத்தன் கேக்குறான். அவனுங்க செல்லு அப்டி, கேமரா அப்டின்னு நான் எயுதுனேன். ராஜம்மாவும் ஹால்ல பாத்துட்டு, இன்னாங்க இது, துணிக்குப் போட்ட நீலத்த அலசாம உட்ட மாறி கீதுன்னுச்சி. உனக்கு கண்ணாடி மாத்தணும்னேன். அன்னிக்கி சோத்துக்கு வெறும் ரசம்தான்.

நீ சொல்ல வந்தது பெயிண்டு வாசனதான? தெரியும். இனிமே இந்தப் பக்கம் ஜன்னல சாத்திகினு… அதுவும் இல்லியா? தண்ணி மோட்டாரு? அது வாட்ச்மேன்கிட்ட… இல்லியா. சரி.

இன்னா ஒண்ணுன்னா, அவனும் போன் பண்ல, நானும் பண்ல. நாயித்திக்கெயம வந்துகினே கீது. அவன் இன்ஜினு இங்கியே கீது, அவன் வந்து கேக்கட்டுமேன்னு நானு, நான் கொண்டாந்து குடுக்கட்டுமேன்னு அவன். தூசி படக் கூடாதுன்னு துணி போத்தி வெச்சிக்கீறேன். தெனம் காத்தால எடுத்துத் தொடைக்கிறேன். யாரு கேட்டாங்க என்னை? கோவம் கோவமா வரும், ஆனா கை தன்னால தொடைக்கும். அவன் போட்ட கைப்புடி கம்பியெல்லாம் பாரேன், தல முடி மாறி கீது. எனக்கு அந்த மாறி வளைக்க வராதும்மா. நெசத்த சொல்றேன், வராது.

ஒண்டியா என் இன்ஜின ஓட்டலாம். யாரும் வேணான்னு சொல்லப் போறதில்ல. ஆனா அது ரவுண்டு சுத்தி சுத்தி வர்றத நான் ஒருத்தனே நின்னு பாத்துகினு இன்னா பண்றது? பக்கத்துல ஒருத்தன் "பாத்தியா துலுக்கானம், திரும்பறத பாத்தியா"ன்னு வெலால இடிக்கணும். அவன் இடிப்பான், வலிக்கும். இப்ப ஏங்குது அதுக்கு. இத்த நீ ராஜம்மாகிட்ட சொல்லிகினு இருக்காத.

எங்கம்மா எந்திரிச்சிட்ட? பால் அடுப்புல கீதா? அப்ப நீ வந்த விசயம்? … இன்னாது? … பேனரா? இந்த மறைப்பா? இதுல இன்னா… யாரு மூஞ்சி? உன் கிச்சன் ஜன்னல பாத்துகினு…

அடக் கடவுளே. அந்தப் பக்கம் உன் ஊட்டு கிச்சனா?

அய்யோ, மன்னிச்சிக்கோம்மா, எனக்கு சிரிப்பு வேற வருது. நீ காத்தால பால் பொங்க வெச்சிகினு நிமுந்து பாத்தா, எதுத்தாப்ல அவ்ளோ பெரிய மூஞ்சி, பல்ல காட்டிகினு. மீச வேற. நீ இத்த சொல்லதான் வந்தியா? வந்ததுல இருந்து வாயத் தொறந்து தொறந்து மூடிகினு இருந்தியே. மொதல்லியே சொல்லக் கூடாதா நீ?

அது யாருன்னு நெனைக்கிற? அதான் சுலைமானு. அவனேதான். நான் ரிட்டையர் ஆனப்ப ஃபேக்டரி கேட்டாண்ட கட்டறதுக்கு அவனே ஆசையா அடிச்சி எத்துகினு வந்த பேனரு. "பணி நிறைவு பெறும் எங்கள் அண்ணன் துலுக்கானம்"னு. கோல்டு கலர்ல தகதகன்னு வேணும் பாய்னேன், மாம்பயக் கலரா அடிச்சிட்டான். அது கூட போவுது. ரிட்டையர் ஆனது நானு, மூலைல ஸ்டாம்பு சைஸுல கீறேன். வாழ்த்துறவன் அவன், பாதி பேனரு அவன் மூஞ்சி. கடை ஓனரு இல்ல? தூக்கிப் போட மனசு வரல, நல்ல கெட்டி ஐட்டம், வெயிலுக்காவும்னு இங்க கட்டுனேன். அப்ப மூஞ்சி உள்பக்கம் பாத்துகினுதான் இருந்துச்சி. சண்டைக்கப்பறம் வேலை செய்ய முடில, நிமுந்தா அவன் சிரிக்கிறான். திருப்பிக் கட்டிட்டேன். அவன் ஏரிய பாக்கட்டும்னு நெனச்சேன், உன் கிச்சன பாப்பான்னு நான் இன்னாத்த கண்டேன்.

இரு, இப்பவே அவுத்துடறேன். உன் பால நிறுத்திட்டு வா, இந்த முடிச்சப் புடி… வந்துட்டியா, ஆங், அந்தக் கயிறு. நான்தான் போட்டேன், நானே அவுக்க முடில பாரு. வந்துட்ச்சி, வந்துட்ச்சி. மடக்கு. வெயிலு வருது பாரு சுள்ளுன்னு, கண்ணு கூசுது. சரி, நாளைக்கு வெள்ளை வேட்டி ஏதாச்சும் கட்டிக்கிறேன். நீ இனிமே நிம்மதியா…

…

இன்னாம்மா இது.

டேபிள பாரு. இல்ல, நீ தள்ளு, நெயலு உயுது. … இது என்னுதுதான? நம்பரு பாரு, என்னுதுதான். இப்ப கைல வெச்சிருந்தியே, கிரீம்னு சொன்னியே. அப்ப இது… சுலைமானுது… செல்ல எடு. போட்டா. பக்கத்துல வெய்யி.

நீ ஒண்ணியும் சொல்லாத. நானே சொல்றேன்.

சுண்ணாம்பு.

சொட்டு நீலம் போட்ட சுண்ணாம்பு. அவனுது கிரீமும்மா. வெண்ணெய் மாறி கீது. அவன் மாமா போட்டால கீற அதே கிரீமு. இவ்ளோ நாளா நான் மாம்பயத்துக்குக் கீய குந்திகினு கலரு பாத்துகினு இருந்திருக்கேன். பேனரு வயியா வந்த மஞ்ச வெளிச்சத்துல எல்லாமே மஞ்சயாதான் தெரியும், செல்லு மட்டும்தான் அதும்பாட்டுக்கு அதும் லைட்டுல நின்னுருக்குது. அதுக்கு ஈடா நான் வெள்ளை ஊத்தி, நீலம் ஊத்தி… மஞ்சகாமாலை அவன் இன்ஜினுக்கு இல்லம்மா. எனக்குதான்.

ராஜம்மாவுக்கும் கண்ணாடி சரியாதான் கீது. அத்த வேற சொல்லணும்.

இரு, நீ போவாத, ஒரு நிமிசம் பக்கத்துல நில்லு. ஒண்டியா போன் பண்ண ஒரு மாறி கீது. ரிங்கு போவுது. எடுக்க மாட்டான்னு நெனைக்கி… பாய். நான்தான்… துலுக்கானம். … சாப்டியா? … நானும் சாப்டேன். … ஆமா, காத்து நல்லாதான் அடிக்குது இங்க. … பாய், உன் கிரீமு மிச்சம் கீதா?

… எதுக்கா? அடிக்கத்தான். என் இன்ஜினுக்கு. … ஆமாய்யா, சுண்ணாம்புதான். நான்தான் சொல்றேன், சுண்ணாம்பு. சிரிச்சி முடி, நான் லைன்லியே கீறேன். … முடிச்சிட்டியா? ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன், இவ்ளோத்துக்கும் நீ அடிச்ச பேனருதான் காரணம். கோல்டு கேட்டா கோல்டு அடிச்சிருக்கணும். மாம்பயம் அடிச்சி என் குடிய கெடுத்துட்ட. … அது எப்டின்னு நேர்ல வா, சொல்றேன். இன்னிக்கே வா. கிரீம எத்துகினு வா. நாயித்திக்கெயமக்குள்ள காயணும். … உன் இன்ஜினு சோக்கா கீது. நான் இன்னா சும்மா உட்டுடுவனா, துணி போத்தி வெச்சிக்கீறேன். … பேனரா? பேனரு பத்திரமா கீது பாய். … மூஞ்சியா? உன் மூஞ்சிய நான் இன்னா பண்ணப் போறேன். காத்து வாங்கறதுக்கு ஏரிப் பக்கம் பாத்தாப்ல வெச்சிருந்தேன். … சரி சரி, சுலைமான், துலுக்கானம்னே சொல்ல சொல்லு. வா நீ.

வர்றானாம். கடைய சாத்திட்டு இப்பவே வர்றானாம்மா.

பால அப்பவே நிறுத்திட்டியா. சரி, போ போ, உன்னை ரொம்ப நேரம் புடிச்சி வெச்சிட்டேன். நான் இந்த சுண்ணாம்ப சொரண்ட ஆரம்பிச்சா வெளிய யாரு வந்தாலும் காதுல உயாது, பெல்லும் இல்ல. கீய வாட்ச்மேன் வேற புச்சு, உடுவானோ மாட்டானோ. நீ கிச்சன்ல இருக்கும்போது ஜன்னல் வயியா கேட்டு பக்கம் ஒரு கண்ணு வெச்சிக்கோ, அவன் வந்து நின்னான்னா ஒரு கொரல் குடு. எப்டி கண்டுபுடிக்கிறதுன்னு கேக்காத. அந்த மூஞ்சி உன்னைவிட யாருக்கு நல்லா தெரியும்.